நடக்கச் சொல்லும் இசை

கூலிக் கொலையாளி ஒருவனை நாம் இயக்கும் 'ஹிட்மேன்' வீடியோ கேம் வரிசையின் இரண்டாவது கேமான 'சைலன்ட் அசாசின்' முதன்முதலில் என் கைக்கு வந்தபோது அதில் இசை இல்லை. 2003ஆம் ஆண்டு, நான் பதினோராம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். திருநெல்வேலியில் எங்கள் தெருமுனையில் இருந்த பிரவுசிங் சென்டரில், 'ரிப்' என்று சொல்லப்பட்ட பிரதிகள்தான் எல்லாக் கணினிகளிலும் ஏற்றப்பட்டிருக்கும். இணையம் ஊர்ந்துகொண்டிருந்த அந்தக் காலத்தில், ஒரு கேமின் அளவைச் சுருக்க வேண்டும் என்றால் முதலில் வெட்டப்படுபவை கதை சொல்லும் காட்சிகளான கட்சீன்களும் இசையும்தான். துப்பாக்கி வெடிக்கும், கதவு திறக்கும், காவலாள் சத்தம் போடுவான், காலடி கேட்கும், அவ்வளவுதான். வெட்டப்பட்டது என்ன என்று தெரியாததால் அதைக் கேட்டு வாங்கவும் எனக்குத் தெரியவில்லை. அந்த ஊமைப் பிரதியை ஏறத்தாழ ஓராண்டு விளையாடினேன்.

எப்படி விளையாடினேன் என்பதைச் சொன்னால்தான் பிறகு சொல்லப்போவது விளங்கும். ஓடினேன். வாசலில் நிற்பவனைச் சுட்டேன், அந்தச் சத்தம் கேட்டு வருபவர்களைச் சுட்டேன், கடைசியாக யாரைக் கொல்ல வேண்டுமோ அவரையும் சுட்டுவிட்டு வெளியே ஓடினேன். ஒவ்வொரு மிஷனின் முடிவிலும் நாம் நடந்துகொண்ட விதத்தை அளந்து ஒரு பட்டம் கொடுக்கும் வழக்கம் இந்த கேமில் உண்டு. குறிவைத்தவரை மட்டும் கொன்று, யார் கண்ணிலும் படாமல் வெளியேறியவருக்கே 'சைலன்ட் அசாசின்' என்ற பட்டம். எனக்குப் பெரும்பாலும் கிடைத்தது கூட்டக் கொலைகாரன் என்ற பட்டம். அதைப் பற்றி எனக்கு எந்த வருத்தமும் இருந்ததில்லை. மொட்டைத் தலையும் கழுத்தின் பின்புறம் பார்கோடும் கொண்ட நாயகன் ஏஜென்ட் 47 எனக்கு இரண்டு துப்பாக்கிகளைத் தூக்கிச் செல்லும் ஒரு பொம்மை மட்டுமே.

2008இல் சென்னையில் வேலைக்குச் சேர்ந்தபோது, அறையில் உடன் தங்கியிருந்த கோயம்புத்தூர் நண்பர் ஒருவரிடம் அந்த கேமின் முறையான வட்டு இருந்தது. பழைய நினைவில் அதைப் போட்டேன். ஹெட்போன் காதில் இருந்தது. முகப்பு வரும்போது, எங்கோ தொலைவில் இருந்து வருவதுபோல் ஒரு பாடகர் குழுவின் குரல் எழுந்தது. அதன்மேல் வயலின்கள் ஏறின. பிறகு பித்தளை வாத்தியங்களும் பெருமுரசும் சேர்ந்து, ஒரு பேராலயத்தின் கூரை அளவுக்கு அந்த ஒலி உயர்ந்தது. நான் கையை மவுஸில் இருந்து எடுத்துவிட்டேன். ஓராண்டு முழுக்க நான் ஓடித் திரிந்த இடம் இதுவா என்ற திகைப்பு இன்றும் நினைவில் இருக்கிறது. வெட்டி எறியப்பட்ட கட்சீன்களையும் அன்றுதான் பார்த்தேன். 47 தன் தொழிலை விட்டுவிட்டு, சிசிலியில் ஒரு மடாலயத்தில் தோட்டக்காரனாக இருக்கிறான். அங்கிருக்கும் பாதிரியார் விட்டோரியோவிடம் பாவமன்னிப்புக் கேட்கிறான். அந்தப் பாதிரியார் கடத்தப்படுகிறார். அவரை மீட்பதற்காகவே 47 மறுபடி துப்பாக்கியை எடுக்கிறான். அந்தப் பாடகர் குழு ஏன் தேவாலயத்தில் பாடுவதுபோல் பாடுகிறது என்பதற்கான விடை அந்த ஐந்து நிமிடக் காட்சியிலேயே இருந்தது. ஒரு மனிதன் விட்டுவந்த பாவத்துக்கே திரும்பிப் போகிறான். அவனுக்குப் பின்னால் அந்த மடாலயத்தின் ஒலியும் கூடவே வருகிறது.

அதே இரவில் முதல் மிஷனான 'அனதீமா'வை விளையாடினேன். ஒரு மாஃபியா தலைவனின் மாளிகை. பூங்கொத்து கொண்டுவரும் தபால்காரன் ஒருவன், காய்கறிப் பெட்டி தூக்கிவரும் கடைப் பையன் ஒருவன்; இவர்களில் ஒருவனுடைய உடையில் உள்ளே நுழையலாம். எத்தனையோ முறை சுட்டுத் தள்ளிய இடம்தான். ஆனால் அன்று நான் ஓடவில்லை. ஏன் ஓடவில்லை என்று அப்போது யோசிக்கவில்லை. மறுநாள் அலுவலகத்துக்குப் பேருந்தில் போகும்போதுதான் தோன்றியது. இசை ஓடவில்லை, அதனால் நானும் ஓடவில்லை. இந்த கேமில் மாறுவேடத்தில் இருப்பவன் ஓடினாலே காவலர்களுக்குச் சந்தேகம் வந்துவிடும். தபால்காரனுக்கு மாளிகைக்குள் ஓட வேண்டிய வேலை என்ன? விதியாக இருந்ததை நான் ஊமைப் பிரதியில் மதித்ததே இல்லை. இசை அதையே தாளமாகச் சொன்னபோது கால் தானாக அடங்கியது.

இந்த இசையை எழுதியவர் ஜெஸ்பர் கிட். 1972இல் டென்மார்க்கில் பிறந்தவர். இசைக் கல்லூரி வழியாக வந்தவர் அல்லர். சிறு வயதில் கமடோர் 64 கணினியிலும், பிறகு அமிகாவிலும் இசையமைக்கத் தானே கற்றுக்கொண்டவர். ஐரோப்பாவில் அப்போது 'டெமோ' என்றொரு கலை பரவியிருந்தது. ஒரு கணினியால் என்னென்ன செய்ய முடியும் என்பதைக் காட்டுவதற்காகவே இளைஞர்கள் குழுக்களாகச் சேர்ந்து, படமும் இசையும் ஒன்றாக ஓடும் சிறு நிரல்களை எழுதிப் போட்டிகளுக்குக் கொண்டுபோவார்கள். 1991இல் வந்த 'ஹார்ட்வயர்ட்' என்ற டெமோவில் கிட்டின் இசையைக் கேட்கலாம். அமிகாவில் ஒரே நேரத்தில் நான்கு ஒலிகள் மட்டுமே ஒலிக்க முடியும். நான்கே தடங்களுக்குள் முரசு, அடிநாதம், மெட்டு, சூழல் என்று எல்லாவற்றையும் அடக்கிப் பழகியவர், பின்னாளில் பெரிய வாத்தியக் குழு கையில் கிடைத்தபோதும் அதை வீணாக இறைக்கவில்லை என்பதே நான் அவரிடம் வியப்பது. டெமோ நண்பர்களும் அவரும் அமெரிக்காவின் பாஸ்டனுக்குப் போய், சேகா மெகா டிரைவ் என்ற விளையாட்டுக் கருவிக்காக 'சப்-டெர்ரேனியா' போன்ற கேம்களை உருவாக்கினார்கள், அது 1994. பிறகு நண்பர்கள் கோபன்ஹேகனுக்குத் திரும்பி, 1998இல், ஹிட்மேனை உருவாக்கிய ஐஓ இன்டராக்டிவ் நிறுவனத்தைத் தொடங்க, கிட் அமெரிக்காவிலேயே இருந்துகொண்டு அவர்களுக்கு இசையமைத்தார். 2000இல் வந்த முதல் ஹிட்மேனின் இசை முழுக்க மின்னணு இசை. இரண்டாவது கேமுக்குத்தான், 2002இல், புடாபெஸ்ட் சிம்பொனி வாத்தியக் குழுவும் ஹங்கேரிய வானொலிப் பாடகர் குழுவும் வந்தன. இரண்டும் சேர்த்து 110 பேர். வீடியோ கேம் ஒன்றுக்காக இத்தனை பேரை அமர்த்திப் பதிவுசெய்வது அன்று அரிதான செயல்.

அந்த 110 பேர்தான் பெரிய வாதத்துக்கும் காரணமானார்கள். ஹிட்மேன் விளையாடுபவர்களிடம் இசையைப் பற்றிப் பேசத் தொடங்கினால், ஒரு சாரார் தவறாமல் சொல்வது இது: மறைந்து நடக்க வேண்டிய கேமுக்கு இவ்வளவு பெரிய இசை எதற்கு? ஒரு சமையலறைக் கதவுக்குப் பின்னால் மூச்சை அடக்கி நிற்கும்போது, காதில் ஒரு பேரரசனின் முடிசூட்டு விழாவை ஒலிக்கவிட்டால் பொருந்துமா? நான் மதிக்கும் ஆட்டக்காரர்கள் சிலரே இப்படிச் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதில் பாதி உண்மையும் இருக்கிறது. முகப்பு இசையை மட்டும் தனியே கேட்டால் அது ஒரு வரலாற்றுப் படத்துக்கானது என்றே தோன்றும். ஆனால் மிஷன்களுக்குள் அந்த இசை அப்படியே வருவதில்லை. உள்ளே வருபவை பெரும்பாலும் அடங்கிய துண்டுகள்: தாழ்ந்த நரம்பிசை, அதற்கு அடியில் கிட்டின் பழைய மின்னணுத் துடிப்பு, இடையிடையே ஒரு நீண்ட மௌனம். பெரிய இசை வாசலில் நின்றுவிடுகிறது. தனித்தனி இசைத்துண்டுகளின் தலைப்புகளைப் பார்த்தாலே கிட் எதை இசையாக்க விரும்பினார் என்று தெரியும். ஒன்றின் பெயரே செயலுக்காகக் காத்திருத்தல். கொலையை இசையாக்குவது எளிது. காத்திருப்பை இசையாக்கத்தான் பொறுமை வேண்டும்.

செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் முதல் மிஷனை எடுத்துக்கொள்ளலாம். சுரங்க ரயில் நிலையத்தின் லாக்கரில் இருந்து தொலைதூரத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு, பனி படர்ந்த தெருக்களில் ரோந்துப் படையினரின் கண்ணில் படாமல் நடந்து, ஒரு காலியான கட்டடத்தின் மேலே ஏறி, எதிர்க் கட்டடத்தின் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அங்கே தளபதிகளின் கூட்டம் நடக்கிறது. அவர்களில் ஒருவர் மட்டும்தான் இலக்கு. மற்றவர்களைத் தொடக் கூடாது. செய்ய வேண்டிய செயல் ஒரே ஒரு நொடி. அதற்கு முன்பான காத்திருப்போ பல நிமிடங்கள். ஊமைப் பிரதியில் இந்த மிஷன் எனக்குத் தாங்க முடியாத சலிப்பைக் கொடுத்தது; ஜன்னலில் முதலில் தெரிந்தவரைச் சுட்டுவிட்டு மிஷனில் தோற்றது எத்தனை முறை என்று கணக்கில்லை. இசையோடு விளையாடியபோது, தொலைநோக்கியின் வட்டத்துக்குள் அந்த மனிதர்கள் கைகுலுக்குவதையும் நாற்காலியை இழுத்து உட்காருவதையும் பார்த்துக்கொண்டே நின்றேன். இவர்களில் ஒருவர் இன்னும் சிறிது நேரத்தில் இருக்கமாட்டார் என்ற எண்ணம் அந்த கேமில் முதன்முறையாக எனக்குள் வந்தது அங்கேதான். படமும் விதியும் மாறவில்லை. காதில் கேட்டது மட்டும் மாறியிருந்தது.

இசை எல்லாவற்றையும் காப்பாற்றிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஜப்பானியப் பகுதியில், பனிப் பள்ளத்தாக்கைக் கடக்கும் மிஷன் இந்த வரிசையிலேயே மிகவும் திட்டு வாங்கியவற்றில் ஒன்று. காவலர்கள் காரணமில்லாமல் சந்தேகப்படுகிறார்கள், வேடம் போட்டும் பயனில்லை, நீண்ட தொலைவை நடந்தே கடக்க வேண்டியிருக்கிறது என்று எல்லோரும் குறை சொல்கிறார்கள், நானும் சொல்வேன். நடக்கச் சொல்லும் இசைக்கு நடப்பதில் ஒரு பொருள் இருக்க வேண்டும். நடந்தாலும் சுடுகிறார்கள், ஓடினாலும் சுடுகிறார்கள் என்றால், எவ்வளவு நல்ல இசையும் அங்கே வெறும் அலங்காரம்தான். 47 தபால்காரனாகவோ பரிசாரகனாகவோ மனிதர்களுக்கு நடுவே நடக்கும் இடங்களில்தான் கிட்டின் இசை உயிர்பெறுகிறது. வெறும் நிலப்பரப்பில் அது தனியே மிதக்கிறது.

இந்தியப் பகுதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தியத் தெருக்களுக்கென்று கிட் எழுதிய துண்டில், நம் ஊர்த் தெருவின் ஒலி எனக்குக் கேட்கவில்லை. வெளியில் இருந்து வருபவர் கற்பனை செய்துகொண்ட ஓர் இந்தியாதான் அதில் ஒலிக்கிறது. மடாலயத்தின் ஒலியை உள்ளிருந்து எழுதியவர், இங்கே வாசலிலேயே நின்றுவிட்டார். இந்தப் பகுதியின் காட்சிகள் சீக்கியர்களின் புனிதத் தலத்தை நினைவூட்டும்படி அமைந்திருப்பதாக அன்று சீக்கியர்கள் கடும் எதிர்ப்புத் தெரிவித்ததையும், வெளியீட்டாளர்கள் அதற்குச் செவிசாய்க்க வேண்டியிருந்ததையும் இங்கே நினைத்துக்கொள்கிறேன். ஒரு கேமின் உலகம் எவ்வளவு விரிந்ததாக இருந்தாலும், அதை உருவாக்கியவர்களுக்கு நெருக்கமான இடங்களில்தான் அதன் காது கூர்மையாக இருக்கிறது.

2004இல் வந்த மூன்றாவது கேமான 'கான்ட்ராக்ட்ஸ்' பற்றிப் பேசும்போது என் கோயம்புத்தூர் நண்பரும் நானும் சண்டையிடாத நாளில்லை. 47 குண்டடிபட்டு, பாரிஸில் ஒரு விடுதி அறையில் கிடக்கிறான். பழைய கொலைகள் அவன் நினைவில் வந்துபோகின்றன. அந்த கேமில் எங்கும் இருட்டு, எங்கும் மழை. வாத்தியக் குழுவைக் கிட் முற்றிலும் ஒதுக்கிவிட்டு, காய்ச்சல் கண்டவனின் காதில் ஒலிப்பது போன்ற மின்னணு இசையை எழுதினார். அதற்கு 2005இல் பிரிட்டனின் பாஃப்டா விருது கிடைத்தது. "ரெண்டாவது பார்ட்ல மியூசிக் பெருசா இருக்குங்க, ஒத்துக்கறேன். ஆனா பயம் எங்கெங்க இருக்குது? கான்ட்ராக்ட்ஸ்லதான் நமக்கு நெஜமாவே உடம்பு சரியில்லாத மாதிரி ஆயிருது" என்பார் நண்பர். ருமேனியாவில் ஒரு பழைய இறைச்சி ஆலைக்குள் நடக்கும் விருந்து மிஷனை அவர் சான்றாகக் காட்டுவார். ஒரு பக்கம் கூத்தும் கும்மாளமும். மறுபக்கம் மாட்டுத் தொடைகள் தொங்கும் அறைகள். நடுவில், நாம் தேடிவந்த பெண் ஏற்கெனவே இறந்துகிடக்கும் அறை. விருந்தின் தாளம் சுவர்களைத் தாண்டி அதிர்ந்துகொண்டே இருக்கும்போது அந்த அறைக்குள் போவது, நான் எந்த கேமிலும் அனுபவித்த மிக மோசமான சில நிமிடங்களில் ஒன்று. மோசமான என்பதை இங்கே பாராட்டாகவே சொல்கிறேன்.

நீண்ட காலம் நண்பரின் கட்சியை நான் ஏற்கவில்லை. இப்போது ஒரு திருத்தத்தோடு ஏற்கிறேன். கேமுக்குள் இசை இரண்டறக் கலந்திருப்பது கான்ட்ராக்ட்ஸில்தான். அதைத் தனியே எடுத்துக் கேட்கவே என்னால் முடிவதில்லை, கேட்டால் அந்த மழையும் அறையும் வந்துவிடுகின்றன. ஆனால் அந்த இசை நம்மை 47இன் தலைக்குள் அடைத்துவைத்து, அவனுடைய நோயை நம்முடைய நோயாக்குகிறது. சைலன்ட் அசாசினின் இசை அவனை வெளியே நின்று பார்க்கிறது. அவன் செய்வதைப் பார்த்துத் துக்கப்படும் ஒருவர் அருகில் நிற்பதுபோல் இருக்கிறது. விட்டோரியோவின் பார்வை என்று அதைச் சொல்லலாம். எனக்கு அந்தப் பார்வை வேண்டியிருக்கிறது.

2006இல் வந்த அடுத்த கேமான 'ப்ளட் மணி'யில் கிட்டின் இசைக்குச் சற்றும் குறையாத புகழ், அவர் எழுதாத ஒரு பாட்டுக்கும் உண்டு. ஷூபர்ட்டின் 'ஆவே மரியா'. கேமைத் திறந்தவுடன் முகப்பில் ஒரு சிறிய தேவாலயம். நடுவில், மலர்கள் சூழ, 47இன் உடல் கிடத்தப்பட்டிருக்கிறது. அந்தப் பாட்டு ஒலிக்கிறது. முதல் நாளே இதைப் பார்த்துவிடுகிறோம். பொருள் புரியாமல், 'புதிய ஆட்டம்' என்ற பொத்தானை அழுத்திவிட்டு உள்ளே போய்விடுகிறோம். நாட்கள் கழித்து, எல்லா மிஷன்களையும் முடித்த பிறகு, அதே தேவாலயத்துக்கு வந்து சேர்கிறோம். கேமை உருவாக்கியவர்களின் பெயர்கள் திரையில் ஓடத் தொடங்குகின்றன, அதே பாட்டு ஒலிக்கிறது, 47 செத்துவிட்டான் என்று தோன்றுகிறது. அப்போது யாரும் சொல்லித்தராமலே, நடப்பதற்கான பொத்தான்களை விடாமல் அழுத்தினால் அவன் இதயம் மெல்லத் துடிக்கத் தொடங்கும், அவன் எழுந்துவிடுவான். அழுத்தாமல் இருந்தால் உடல் எரியூட்டப்பட்டு கேம் அத்தோடு முடிந்துவிடும். இந்த முடிவைப் பற்றி ஆட்டக்காரர்கள் பேசும்போது, அந்தப் பொத்தானை எப்படிக் கண்டுபிடித்தேன் என்பதைத்தான் பெரும்பாலும் பேசுகிறார்கள். பாட்டை ஏன் முதல் நாளில் இருந்தே ஒலிக்கவிட்டார்கள் என்பதைப் பற்றி இன்னும் அதிகம் பேசியிருக்கலாம் என்பது என் எண்ணம். முதலில் அலங்காரமாகக் கேட்டது, கடைசியில் செய்தியாகிவிடுகிறது.

அந்தப் பாட்டின் பிறப்பை அறிந்த பிறகு என் வியப்பு கூடியது. 1825இல் ஷூபர்ட் இதை எழுதியபோது இது தேவாலயத்தில் பாடும் லத்தீன் செபமாக இருக்கவில்லை. வால்டர் ஸ்காட் எழுதிய ஒரு நெடுங்கவிதையின் ஜெர்மன் மொழிபெயர்ப்பில் இருந்து எடுத்த பாட்டு அது. அரசனின் சினத்துக்கு அஞ்சி, நாடு கடத்தப்பட்ட தந்தையோடு ஒரு குகையில் ஒளிந்திருக்கும் எல்லென் என்ற பெண், அன்னை மரியாளைப் பார்த்துப் பாதுகாப்பு வேண்டிப் பாடுகிறாள். ஒளிந்திருப்பவளின் பாட்டு. லத்தீன் செபத்தின் சொற்கள் அந்த மெட்டுக்குப் பின்னாளில்தான் பொருத்தப்பட்டன. வாழ்நாள் முழுக்க ஒளிந்து நடந்த ஒருவனின் சவப்பெட்டிக்கு அருகில் இதை வைத்தவர்களுக்கு இந்த வரலாறு தெரிந்திருந்ததா, தற்செயலா என்று நான் ஆராயப் போவதில்லை. எனக்கு அது இப்போது ஒரே பாட்டாகிவிட்டது.

அதே கேமில் பாரிஸ் இசை நாடக அரங்கில் நடக்கும் மிஷன் ஒன்று இருக்கிறது. மேடையில் புச்சினியின் 'டோஸ்கா'வுக்கு ஒத்திகை நடக்கிறது. 1900இல் ரோமில் அரங்கேறிய அந்த நாடகத்தின் கதை தெரியாமலும் மிஷனை முடிக்கலாம், தெரிந்தால் மயிர்க்கூச்செறியும். நாடகத்தின் இறுதியில், காதலன் கவரடோசியைச் சுடுவதுபோல் நடிப்பார்கள், குண்டு இருக்காது என்று டோஸ்கா நம்பவைக்கப்படுகிறாள்; ஆனால் துப்பாக்கிகளில் இருப்பது உண்மையான குண்டு. மிஷனில் நாம் செய்யக்கூடியதும் அதுவேதான்: ஒத்திகையில் பயன்படும் போலித் துப்பாக்கியை எடுத்துவிட்டு, அதே தோற்றமுள்ள உண்மைத் துப்பாக்கியை வைத்துவிடலாம். மேடையில் சுடப்பட்ட பாடகர் விழுவார். சுற்றி இருப்பவர்கள் முதலில் நடிப்பு என்றே நினைப்பார்கள். அவரைப் பார்க்க ஓடிவரும் இரண்டாவது இலக்கின் மேல், உத்தரத்தில் தொங்கும் பெரிய சரவிளக்கை விழச்செய்யலாம். இசை பின்னணியாக இருப்பதை விட்டு இங்கே மிஷனின் பொறியாகவே ஆகிவிடுகிறது. ஒத்திகை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை வைத்துத்தான் நம் அசைவைக் கணக்கிட வேண்டும். தாளம் தவறினால் கொலையும் தவறும்.

2012இல் வந்த 'அப்சொலூஷன்' கிட் இல்லாமல் வந்தது. அதன் இசையில் குறை சொல்ல எதுவும் இல்லை. மனதில் நிற்கவும் எதுவும் இல்லை. கிட்டை அதற்குள் உலகம் வேறொரு கொலையாளி வரிசைக்காக அறிந்திருந்தது. 2009இல் 'அசாசின்ஸ் கிரீட் 2'க்கு அவர் எழுதிய, அதன் நாயகன் எசியோவின் குடும்பத்துக்கான மெட்டு, அந்த வரிசையின் அடையாளமாகவே ஆகி, அடுத்தடுத்த கேம்களிலும் வெவ்வேறு வடிவில் திரும்பத் திரும்ப வந்தது. இன்றைய இளைஞர்களில் பலர் அவரை அதன் வழியாகவே அறிந்திருக்கிறார்கள்.

2016, 2018, 2021 ஆகிய ஆண்டுகளில் வந்த புதிய மூன்று ஹிட்மேன் கேம்களுக்கு இசையமைத்தவர் நீல்ஸ் பை நீல்சன். இங்கேதான் ஆட்டக்காரர்களின் கருத்து உண்மையிலேயே இரண்டாகப் பிரிகிறது. புதிய கேம்களின் மிஷன்கள் மிகப் பெரியவை. நூற்றுக்கணக்கான மனிதர்கள் நடமாடும் கட்டடங்கள். ஒரே இடத்தை இருபது முப்பது முறை விளையாட வேண்டும் என்றே அமைக்கப்பட்டவை. அதனால் இசையின் வேலையும் மாறுகிறது. ஒருவன் நம்மைச் சந்தேகித்தால் ஓர் ஒலி, துரத்தத் தொடங்கினால் இன்னோர் ஒலி, இலக்கு இறந்தவுடன் வேறொரு விரைவு. இருபதாவது முறை ஒரே மாளிகைக்குள் போகிறவனுக்குத் துக்கம் தேவையில்லை, தகவல்தான் தேவை என்பது இந்த இசையை விரும்புபவர்களின் வாதம். அதை நான் மறுக்கவில்லை. கேம் என்ற அமைப்புக்குள் இவ்வளவு துல்லியமாக வேலைசெய்யும் இசையைப் பழைய கேம்களில் பார்க்க முடியாது. ஆனால் ஐந்தாண்டுகளாக விளையாடும் நண்பரிடம் அதில் ஒரு மெட்டை முணுமுணுக்கச் சொன்னால் அவரால் முடிவதில்லை. சைலன்ட் அசாசினின் முகப்பு இசையை, ஒருமுறை மட்டுமே விளையாடியவர்கூட முணுமுணுத்துவிடுகிறார்.

புதிய கேம்களிலும் இசை நம் கையைப் பிடித்துக்கொள்ளும் இடங்கள் உண்டு என்பதைச் சொல்லாமல் விட்டால் அநியாயமாகும். பேங்காக் மிஷனில் இலக்கு ஒரு பாடகன். அவன் குழு புதிய டிரம்மரைத் தேடுகிறது. டிரம்மரின் உடையில் போனால், 47 உண்மையிலேயே உட்கார்ந்து டிரம்ஸ் வாசித்துக் காட்டுவான். முகத்தில் ஓர் அசைவுகூட இல்லாமல் அவன் வாசிப்பதைப் பார்த்த கணத்தில், இந்த மனிதனுக்குள் ஒரு தாளம் எப்போதும் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது என்று தோன்றியது. பெர்லின் மிஷன் இன்னும் ஒருபடி மேல். பழைய அணுமின் நிலையத்துக்குள் நடக்கும் இரவு விடுதி. இம்முறை 47 வேட்டைக்காரன் மட்டுமல்லன், அவனையே கொல்லப் பல கொலையாளிகள் கூட்டத்துக்குள் கலந்திருக்கிறார்கள். அவர்கள் யார் என்று முதலில் நமக்குத் தெரியாது. வெளிக்காட்டில் நிற்கும்போது தொலைவில் ஒரு மங்கிய துடிப்பு. கதவைத் திறந்தால் அது நெஞ்சில் இடிக்கிறது. அடுத்த அறைக்குப் போனால் சுவர் அதன் மேல்பகுதியை விழுங்கிவிட்டு அடிநாதத்தை மட்டும் விடுகிறது. எங்கே இருக்கிறோம் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். மூன்று கேம்களிலும் மிகச் சிறந்த மிஷன் இதுதான் என்று பலர் சொல்வதற்கு, வடிவமைப்புக்குச் சரிபாதியாக இந்த ஒலியும் காரணம் என்று நினைக்கிறேன்.

என் அக்கா மகன் இந்தப் புதிய கேம்களில் தேர்ந்தவன். கல்லூரியில் முதலாண்டு படிக்கிறான். அவன் விளையாடும்போது முதலில் செய்வது, அமைப்புகளுக்குள் போய் இசையை முழுவதுமாகக் குறைத்துவிடுவது. "காவலாள் காலடி கேக்கணும் மாமா, மியூசிக் இருந்தா அது கேக்காது" என்பான். சிறுவயதில் எனக்கு வாய்த்த ஊமைப் பிரதியை இவன் விரும்பித் தேர்ந்தெடுக்கிறான் என்பது எனக்கு முதலில் வேதனையாகத்தான் இருந்தது. ஆனால் அவன் ஓடுவதில்லை. யாரையும் வீணாகச் சுடுவதில்லை. காவலர்கள் தமக்குள் பேசிக்கொள்வதை எல்லாம் நின்று கேட்கிறான். மௌனத்திலேயே பொறுமையைக் கற்றுக்கொண்டவனிடம், இசை இல்லாவிட்டால் பொறுமை வராது என்று நான் எப்படிச் சொல்வேன்? நான் ஓடியதற்கு வெட்டப்பட்ட இசை மட்டும்தான் காரணமா என்ற கேள்வியும் அவனைப் பார்த்த பிறகே எனக்குள் வந்தது.

சென்ற கோடை விடுமுறையில் அவன் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, பழைய கேம்களை விளையாடக் கொடுத்தேன். இசையைக் குறைக்காதே என்று ஒரே ஒரு நிபந்தனை. சைலன்ட் அசாசினைப் பாதியில் விட்டுவிட்டான். ஜப்பானியப் பள்ளத்தாக்கு அவன் பொறுமையையும் தீர்த்துவிட்டது. ப்ளட் மணியை மட்டும் ஒன்பது நாட்களில் முடித்தான். கடைசி நாள் இரவு நான் அருகில் உட்கார்ந்திருந்தேன், எதையும் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்று முடிவுசெய்துகொண்டு. தேவாலயம் வந்தது. பாட்டு தொடங்கியது. பெயர்கள் ஓடத் தொடங்கின. அவன் கை கீபோர்டின் மேல்தான் இருந்தது. ஒரு விரல் எதையோ அழுத்தியது, 47இன் நெஞ்சில் ஒரு துடிப்பு கேட்டது, அவனும் அதைக் கேட்டான். பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். பெயர்கள் ஓடி முடிந்தன. உடல் எரியூட்டப்பட்டு, திரை முகப்புக்குத் திரும்பியது.

"அழுத்தியிருந்தா எந்திரிச்சிருப்பான்டா" என்றேன்.

"தெரியும் மாமா. பாட்டு முடியட்டும்னு இருந்துட்டேன்" என்றான்.